ஆறு பந்தும் நான்கு கயிறும்

சாயங்காலம் நான்கு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆன ஒருவனுக்கு நேரம் தவறாமல் செய்ய ஒரு வேலை இருப்பது பெரிய பாக்கியம். அதைப் பற்றி எழுதச் சொல்லி மகள் சில நாட்களாகத் தொந்தரவு செய்கிறாள். எழுதினால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று மழை. வெளியே போக முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். பிறந்தது 1950-ல், புதுச்சேரி முத்தியால்பேட்டையில். படித்தது பிரெஞ்சு மீடியம். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, 2010-ல் ஓய்வு. மனைவி போன பிறகு, ஆசிரியையாக இருக்கும் மகளோடு கொல்லிமலைக்கு வந்து, திண்ணனூர் நாட்டில் ஓட்டு வீடு ஒன்றில் இருக்கிறேன். முதல் தடவை காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தபோது, இனி இறங்கவே மாட்டேன் என்றேன். லைஃப் சர்டிபிகேட்டுக்காக வருடத்துக்கு ஒரு முறை இறங்கித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

சொல்லத் தயங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நான் கடற்கரையோர ஊர் ஒன்றில் வேலையில் இருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். தவறு என்னுடையது, அலுவலகத்தின் மேல் போட விரும்பவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில மாதங்கள் எங்களுக்கு இரவு பகல் தெரியவில்லை. அரிசி, பாய், போர்வை, மண்ணெண்ணெய், தட்டு, டம்ளர் எல்லாவற்றுக்கும் பட்டியல். பெற்றோரை இழந்த பிள்ளைகளை வைத்திருந்த ஓர் இல்லத்தின் கோப்பும் என் மேஜைக்கு வந்தது. 2005 மே மாதம் அந்த இல்லத்திலிருந்து ஓர் இண்டென்ட் வந்தது. எழுதியவர் அங்கே மூத்த ஆயாவாக இருந்தவர். அவருக்கு எழுத வராது. யாரோ ஒரு பள்ளிப் பையனை விட்டு எழுதச் சொல்லி, கீழே பெருவிரல் ரேகை வைத்திருந்தார்.

கேட்டிருந்தது இவ்வளவுதான்: ரப்பர் பந்து 6, ஸ்கிப்பிங் கயிறு 4, பல்லாங்குழிப் பலகை 2, கலர் சாக்பீஸ் ஒரு பெட்டி. அதற்குக் கீழே இரண்டு வேண்டுகோள். சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு இரவில் ஒரே ஆயாவைப் போட வேண்டும், வாரா வாரம் மாற்ற வேண்டாம். அந்த ஆயாவுக்கு வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு தர வேண்டும்.

நான் பச்சைத்தாளில் குறிப்பு எழுதினேன். விளையாட்டுப் பொருட்களுக்குக் கணக்குத் தலைப்பு இல்லை. பணிச் சுழற்சிப் பட்டியல் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது. திருப்பி அனுப்பலாம். மேலதிகாரி அதன் கீழ் சுருக்கொப்பம் போட்டார். எழுதியது நான். ஆடிட் வந்தால் பந்துக்கு யார் பதில் சொல்வது என்ற கவலைதான் அன்றைக்கு எனக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் வேளைக்குச் சோறு இருக்கிறது, இரண்டு செட் துணி இருக்கிறது, பாய் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து இருப்புச் சரிபார்ப்புக்காக அந்த இல்லத்துக்கே போகவேண்டி வந்தது. காலை எட்டு மணி. குளியல் நேரம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டதும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினான். தண்ணீர்தான் அவன் வீட்டையும் அம்மாவையும் கொண்டுபோனது. அந்த மூத்த ஆயா அவனை இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஒரு சொம்பில் கால்பாகம் தண்ணீர் எடுத்துவந்து, அவனுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அதில் ஒரு காகிதக் கப்பலை விட்டு ஊதினார். கப்பல் நகரவில்லை. “அட, எனக்கு வரலியே, எம்புள்ள ஊதினாத்தான் போவும் போல” என்று தனக்குத்தானே பேசிச் சிரித்தார். பையன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கால் மணி நேரம் ஆயிற்று. மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்றன. கடைசியில் அவன் வந்து ஊதினான். ஒரு விரலைத் தண்ணீரில் விட்டான். அன்றைக்கு அந்த ஒரு விரல்தான் குளியல்.

“நாளைக்கு ரெண்டு வெரலு” என்று ஆயா என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு, “ஆனா நாளைக்கு எனக்கு வேற அறையில டூட்டி சார்” என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல, தகவலாக. மூலையில் இரண்டு ரப்பர் பந்து கிடந்தது. பதிவேட்டில் இல்லாத பொருள் என்பதால் விசாரித்தேன். சம்பளத்தில் வாங்கிப் போட்டதாம். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்குத்தான் அன்று என் பெருந்தன்மை. குறிப்பை மாற்றி எழுதவும் இல்லை. அந்தக் கோப்பு பிறகு பதிவறைக்குப் போய்விட்டது.

எங்கள் முத்தியால்பேட்டையில் ஆயா என்றால் பாட்டி. இல்லத்துக் கோப்பில் ஆயா என்றால் கடைநிலை ஊழியர். ஐம்பது வயது தாண்டியும் அந்த இரண்டும் ஒரே சொல் என்று எனக்கு உறைக்காமல் போனதுதான் ஆச்சரியம். ஏனென்றால் என்னை வளர்த்ததே ஓர் ஆயாதான்.

என் அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அடுத்த மாதமே பள்ளிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் மெத்ர் எல்லோரையும் ‘மா மேர்’ என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னார். என் அம்மா என்று அர்த்தம். காயேயில் தலைப்பை மட்டும் அழகாக எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு விஷயம் தெரியாது, முட்டியில் ஸ்கேலால் அடித்தார். வீட்டுக்கு வந்தால் ஆயா வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். இரண்டு கையையும் மூடி நீட்டி, “எந்தக் கை?” என்பார். ஒன்றில் வேர்க்கடலையோ பொரிவிளங்காயோ இருக்கும். தப்பான கையைத் தொட்டாலும் ஏமாற்றிச் சரியான கைக்கு மாற்றிவிடுவார் என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் தவறாமல் இரண்டு மூன்று வருடம் இது நடந்தது. பள்ளி விட்டதும் நான் ஓடி வருவதற்கு அந்த மூடிய கை இரண்டும் காரணம்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய வகுப்புத் தோழர் ஒருவர் பிரான்சிலிருந்து சில புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றில் ஒன்று மிரியம் டேவிட், ஜெனவியேவ் அப்பெல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்மணிகள் 1973-ல் எழுதிய ‘லோட்சி’ பற்றிய நூல். லோட்சி என்பது ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்துத் தெரு ஒன்றின் பெயர். உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் அங்கே தாய் தகப்பன் இல்லாத கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே அவர் வைத்த ஒழுங்கு கேட்பதற்குச் சாதாரணம். ஒரு குழந்தையைக் கவனிப்பவர்கள் இன்னின்னார்தான் என்று நிலையாக இருக்க வேண்டும். குளிப்பாட்டும்போதும், ஊட்டும்போதும், துணி மாற்றும்போதும் அவசரம் கூடாது. ‘இப்போது உன் கையைத் தூக்கப் போகிறேன்’ என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அது தானாகக் கையைக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற நேரத்தில் அதை அதன் போக்கில் விளையாட விட வேண்டும்.

இதைப் படித்தபோது அந்தச் சொம்பும் காகிதக் கப்பலும் கண் முன்னால் வந்தன. புடாபெஸ்ட் டாக்டர் எழுதிவைத்ததைக் கைநாட்டு வைத்த ஓர் அம்மாள் யாரும் சொல்லித் தராமல் செய்துகொண்டிருந்தார். அதற்குத்தான் கணக்குத் தலைப்பு இல்லை என்று நான் எழுதியிருந்தேன்.

ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர் 1940-களில் செய்த ஓர் ஆய்வைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். அவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று அநாதைக் குழந்தைகள் இல்லம். நல்ல உணவு, நல்ல சுத்தம், மருத்துவரும் உண்டு. ஆனால் ஒரு தாதிக்கு எட்டுக் குழந்தைகள். குழந்தைகளை எடுத்துக் கொஞ்சவும் பேசவும் ஆள் கிடையாது. இன்னொன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைகள் பிரிவு. அங்கே கைதியாக இருந்த தாய்மாரே தம் குழந்தைகளைக் கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தச் சுத்தமான இல்லத்தில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் இறந்துபோயின. சிறையில் வளர்ந்தவற்றில் ஒன்றும் இறக்கவில்லை. சோறு, துணி, பாய் என்ற என் பட்டியலை இதற்கு மேல் யாரும் பொய்யாக்க முடியாது.

நாகப்பட்டினத்தில் ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசு நடத்திய அன்னை சத்யா காப்பகத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அப்போது அங்கே ஆட்சியராக இருந்த ராதாகிருஷ்ணன் அவர்களும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாற்றலாகிச் சென்னைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. கைக்குழந்தையாகவும் சிறுமியாகவும் அங்கே வந்து சேர்ந்த பெண்கள் அவரை அப்பா என்றுதான் அழைக்கிறார்கள். 2022-ல் அவர்களில் ஒரு பெண்ணின் திருமணத்தை அவரே முன்னின்று நடத்திவைத்தார். ஆட்சியர் என்பதால் செய்தியானது. ஆனால் படம் எடுத்துக்கொண்டு போகாமல் பதினேழு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தாரே, அதுதான் அந்தச் செய்தியில் எனக்குப் பெரிதாகப் பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் அந்த நாட்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளைகளோடு விளையாடவும் படம் வரையவும் கதை சொல்லவும் வைத்தார்கள். அப்போது என் மேஜையில் பந்து வேண்டாம் என்ற குறிப்பு காய்ந்துகொண்டிருந்தது.

நம் மலைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. வாழவந்தி நாட்டில் இருக்கும் பிராண்ட் தம்பதியின் கல்லறையைப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் அம்மையாரும் 1913-ல் மலைக்கு வந்தவர்கள். மதம் பரப்ப வந்தவர்கள் என்பதால் முதலில் அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு பூசாரி. இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்தபோது அவருக்குக் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். இறக்கும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். 1929-ல் கணவர் மலைக்காய்ச்சலில் இறந்தார். அம்மையார் 1947-ல், 68 வயதில், மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தனியாக மலைக்கே திரும்பினார். குதிரை மேலும், பிறகு இரண்டு மூங்கில் கோலை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். 1974-ல் தம் 95-வது வயதில் இறக்கும்வரை ஓயவில்லை. தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைக்காக வேலூரில் பேர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவருடைய மகன். நான் 66 வயதில் மலையேறி வந்தபோது இனி என்ன என்று நினைத்தேன். அந்தக் கல்லறையைப் பார்த்த அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இப்போது நான்கு மணி வேலைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேல் வரப்பில், பலாமரத்தடியில் ஒரு வீடு. நான்கு வயதுப் பையன் ஒருவனும் அவன் பாட்டியும் இருக்கிறார்கள். போன வருடம் அவன் அம்மா இறந்துபோனாள். அப்பன் கீழே வேலைக்குப் போயிருக்கிறான், பணம் அனுப்புகிறான். அம்மா போனதிலிருந்து பையன் பேசவில்லை. அங்கன்வாடியில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பான், கொடுத்தால் சாப்பிடுவான், யாராவது தொட்டால் உடம்பு விறைத்துப்போகும். “பேய் புடிச்சிருக்குன்னு சொல்றாங்க சார், எனக்கொண்ணும் புரியலீங்க” என்று அந்தப் பாட்டி என் மகளிடம் அழுதார். மகள் நாமக்கல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். காது கேட்கிறது, நாக்கில் குறையில்லை என்றார்கள். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அங்கன்வாடி டீச்சர் இந்த ஊர்ப் பெண். என்னிடம் ஒரு நாள் சொன்னார்: “சார், நீங்க சும்மாதானே இருக்கீங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போங்க. பேசச் சொல்லாதீங்க. கேள்வி கேக்காதீங்க. தினம் ஒரே நேரத்துக்குப் போனாப் போதும். நீங்க சந்தோசமா இருக்கணும், அது முக்கியம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனா அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

போனேன். எனக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றுதான். திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையில் புளியங்கொட்டையை மூடி, இரண்டு கையையும் நீட்டி, “எந்தக் கை?” என்றேன். அவன் பார்க்கவில்லை. நானே ஒரு கையைத் திறந்து, “அடடா, இல்லையே” என்றேன். எட்டு நாள் நானே கேட்டு நானே தோற்றுக்கொண்டிருந்தேன். பாட்டிக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அவரும் வந்து உட்கார்ந்து ஒரு கையைத் தொட்டு விளையாட ஆரம்பித்தார். ஒரு வருடத்தில் அந்த அம்மாள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்பதாம் நாள் பின்னாலிருந்து ஒரு சின்ன விரல் என் இடது கையைத் தொட்டது. கொட்டை வலது கையில் இருந்தது. என் ஆயா செய்த ஏமாற்று வேலையை அறுபத்தைந்து வருடம் கழித்து நான் செய்தேன்.

அதன் பிறகு தினமும் நடந்தது. பேச்சு வரவில்லை, ஆனால் நான்கு மணிக்கு அவன் திண்ணையில் இருந்தான்.

நவம்பரில் லைஃப் சர்டிபிகேட்டுக்காக நாமக்கல் போனேன். பேங்கில் கூட்டம், மலைக்குத் திரும்பும் பஸ் போய்விட்டது. சேந்தமங்கலத்தில் சம்பந்தி வீட்டில் தங்கினேன். மறுநாள் அவர்கள் விடவில்லை. மூன்றாம் நாள் நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். பையன் ஒரு பிடி புளியங்கொட்டையை அள்ளி என் முகத்தில் எறிந்தான். கண்ணாடி கீழே விழுந்தது. பாட்டி பதறி அடிக்கக் கை ஓங்கினார். “விடுங்கம்மா” என்றேன். இரண்டு நாளும் அவன் இருட்டும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தானாம். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பிடவும் இல்லையாம்.

திரும்பி வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த இண்டென்டில் இருந்த கடைசி இரண்டு வேண்டுகோளும் எனக்கு முழுசாகப் புரிந்தன. இரவில் ஒரே ஆயா வேண்டும் என்று ஏன் கேட்டார்? ஒரு முறை அம்மாவைத் தொலைத்த பிள்ளைக்கு, வாரா வாரம் இன்னொரு அம்மாவைத் தொலைக்கும்படி நம் பணிச் சுழற்சிப் பட்டியல் செய்கிறது. வாரம் ஒரு நாள் விடுப்பு ஏன் கேட்டார்? களைத்துப்போனவரால் கால் மணி நேரம் காகிதக் கப்பலை ஊதிச் சிரித்துக்கொண்டிருக்க முடியாது. பந்தும் கயிறும் அதற்கு அப்புறம்தான்.

இப்போது நான் எங்காவது போகவேண்டியிருந்தால் முதல் நாளே அவனிடம் லீவு சொல்கிறேன். ஒரு புளியங்கொட்டையைத் திண்ணையில் வைத்து, “இது நாளைக்கு. தாத்தா வர மாட்டேன்” என்பேன். அடுத்த கொட்டையை வைத்து, “இது மறுநாள். தாத்தா வந்துடுவேன்” என்பேன். முப்பத்தொன்பது வருட சர்வீஸில் இவ்வளவு கவனமாக நான் லீவு லெட்டர் எழுதியதில்லை. அவன் இரண்டு கொட்டையையும் டிராயர் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். நான் திரும்பி வந்ததும் இரண்டாவது கொட்டையை எடுத்து என்னிடம் நீட்டுவான். கணக்கு நேராகிவிட்டது என்று அர்த்தம். தை மாதத்திலிருந்து சில சொற்கள் வருகின்றன. பாட்டியிடம்தான் பேசுகிறான், என்னிடம் இல்லை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

அந்த மூத்த ஆயா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. விசாரித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு அப்போதே ஐம்பத்தைந்து, அவர் என்னைவிடப் பெரியவர். இருந்தால் அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன். அம்மா, உங்கள் இண்டென்டைத் திருப்பி அனுப்பியது தப்பு.

படிப்பவர்கள் என் வயதுக்காரர்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அடி, கொடுமை என்று தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மற்றபடி பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு நேரம் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். போனால் தினமும் போங்கள். போக முடியாத நாளை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

மழை விட்டிருக்கிறது. மணி மூன்றே முக்கால். பாக்கெட்டில் கொட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புகிறேன்.